முத்துலட்சுமி உன்னிடம் கேட்கச் சொன்னது

போனில் உன்னோடு பேச முடியவில்லை, மக்கா. எடுத்ததும் "சாப்ட்டியாம்மா, அப்பா சாப்ட்டாச்சா" என்று கேட்கிறாய். நான் சாப்பிட்டதைச் சொல்லி முடித்து அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தால், "லைன்ல கூப்புடுதாங்கம்மா, வைக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். திருப்பூரில் அந்த பனியன் கம்பெனியில் உன்னை யார் யார் கூப்பிடுகிறார்களோ தெரியாது. நான் எதிர்வீட்டு முத்துலட்சுமி பெயரை எடுக்கும்போது மட்டும் சரியாகக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கையில் கிடைத்த தாளைப் பாதியில் வைத்து உனக்குப் பழக்கமில்லை. பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தையும் எண்ணெயைத் துடைத்துவிட்டுக் கடைசி வரி வரை படிப்பவள் நீ. அந்த ஒரு குணம் என்னிடமிருந்து உனக்கு வந்தது. தாய் மகளுக்கு எழுதினால் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்வதற்கு என்னிடம் இருந்த புத்தி எல்லாம் இந்த வருடம் தீர்ந்துவிட்டது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வேலைக்கு வந்ததே, நாளெல்லாம் எழுத்து கண்ணில் படும் என்பதற்காகத்தான். மெஷினிலிருந்து சூடாக வந்து விழுகிற தாளை அடுக்குவதற்குள் நாலு வரி படித்துவிடுவேன். பட்டா, ஜாதகம், ஆதார், வாடகை ஒப்பந்தம், எதுவானாலும் சரி. கடை அண்ணாச்சி, "ஏம்மா, தாளை எண்ணச் சொன்னா படிச்சுக்கிட்டு நிக்கே. பரிச்சையா எழுதப் போற?" என்பார். கல்லூரித் தேர்வு நெருங்கினால் கைடுப் பக்கங்களை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி எடுத்துத் தரச் சொல்லிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அந்தப் பொடி எழுத்தில் இருக்கிற இங்கிலீஷையும் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். அர்த்தம் தெரியாது. பூட்டிய வீட்டின் ஜன்னல் வழியே உள்ளே இருக்கிற பாத்திரங்களைப் பார்ப்பது மாதிரி இருக்கும். என் மகளுக்காவது அந்த வீட்டின் கதவு திறக்கட்டும் என்று நினைத்தேன்.

நீ பிளஸ் டூ முடித்ததும் கணக்குப் படிக்க ஆசைப்பட்டாய். உங்கப்பா தறியிலிருந்து வந்து, காதில் வைத்த பஞ்சைக்கூட எடுக்காமல் சொன்னார்: "கணக்குப் படிச்ச பயலுவ எல்லாம் எங்கூடத்தான் தறி ஓட்டுதானுவ. இங்கிலீஷ் படி. வாயத் தொறந்து பேசிட்டா எங்கயும் பொழைச்சுக்கிடலாம்." நானும் அதைத்தான் சொன்னேன். பி.ஏ. இங்கிலீஷ் என்றால் மூன்று வருடமும் இங்கிலீஷ் பேசக் கற்றுத்தருவார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். தையல் வகுப்புக்குப் போனால் தைக்கச் சொல்லித்தருவார்கள் இல்லையா, அப்படி. இந்த ஊரில் அப்படி நம்பாத வீடு எது? உன் வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்தும், தறி ஓடுகிற தெருக்களிலிருந்தும் அந்த ஒரு நம்பிக்கையோடுதானே பஸ் ஏறி வந்தார்கள்.

முதல் வாரத்தில் ஒரு நாள் நீ வந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சார் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பாடம் நடத்தினாராம். முடித்துவிட்டு, புரிந்ததா என்று கேட்டாராம். வகுப்பே சேர்ந்து "எஸ் சார்" என்றதாம்.

"ஒனக்குப் புரிஞ்சுதா?" என்றேன்.

"ஒரு வரி புரியலம்மா."

"அப்ப ஏன்ட்டி எஸ் சார்னு சொன்ன?"

"நோ சார்னு சொன்னா எழுந்திரிச்சு நிக்கணும். என்ன புரியலன்னு இங்கிலீஷ்ல கேக்கச் சொல்லுவாரு. அதுக்கு எஸ் சாரே மேல்." சொல்லிவிட்டு நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது ஒரு நல்ல தமாஷாகத்தான் இருந்தது.

பிறகு உனக்குப் புரிய ஆரம்பித்தது, அதை நான் மறுக்கவில்லை. மூன்றாம் செமஸ்டரில் நீயே அகராதியை வைத்துக்கொண்டு பாட்டுக்கு அர்த்தம் கண்டுபிடித்து எனக்குச் சொல்வாய். நீ நடந்துகொண்டே கட்டுரைகளை மனப்பாடம் செய்ய, நான் கைடைப் பிடித்துக்கொண்டு வரி விடாமல் சரிபார்ப்பேன். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் படித்துப் படித்து உன் தொண்டையே கட்டிப்போகும். இறந்தவருக்காகப் பாடுகிற பாட்டைப் பற்றி ஒரு பெரிய கேள்வி இருந்தது. முதலில் துக்கத்தைச் சொல்ல வேண்டும், அப்புறம் அவருடைய பெருமையை, கடைசியில் ஆறுதலை. அதுதான் இலக்கணம் என்றாய். "ஆறுதல் வரலன்னா?" என்று கேட்டேன். "அப்ப அது எலிஜி இல்லம்மா, ஒப்பாரி. மார்க் கெடையாது" என்றாய். எல்லாத் தாளிலும் நல்ல மார்க்தான் வாங்கினாய். வளவில் இருந்த எட்டு வீட்டுக்கும் இங்கிலீஷ் என்றால் நீதான். மாத்திரை அட்டை, குக்கரோடு வந்த புத்தகம், கரண்ட் ஆபீஸ் குறுஞ்செய்தி எல்லாம் நம் வாசலுக்கு வரும். நீ படித்துச் சொல்லும்போது நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். குழம்பு அடிப்பிடித்தாலும் நகர மாட்டேன்.

பொங்கல் கழிந்து கணேசன் இறந்துபோன செய்தி வந்தது. எதிர்வீட்டில் பிறந்ததிலிருந்து நீ சித்தப்பா என்று கூப்பிட்டவர். வளைகுடாவில் கட்டடக் கம்பெனியில் கம்பி கட்டப் போனவர். வருடா வருடம் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வருவார். அறையில் கூட இருந்த தம்பிதான் காலையில் கூப்பிட்டு, தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்று அவர் மனைவி முத்துலட்சுமியிடம் சொன்னான். மதியம் அவளுடைய போனில் இன்னொரு அழைப்பு வந்தது. எடுத்தால் இங்கிலீஷ். கம்பெனி ஆபீஸ். துட்டி வீட்டில் துக்கம் கேட்கக் கூடியிருந்த அத்தனை பேரும் போனைக் கையில் சுடுகிற சட்டி மாதிரி மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நான்தான் சொன்னேன், "எம்புள்ளைட்ட குடுங்க" என்று. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். நான் உன் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினேன்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தது. அந்த ஆள் வேகமாகப் பேசினான். கோபமாகப் பேசவில்லை, தினமும் பேசுகிற விஷயம் மாதிரி பேசினான். நடுநடுவே நிறுத்தி ஏதோ கேட்டான். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் நீ "எஸ் சார்" என்றாய். கடைசியில் அவன் ஒன்றையே இரண்டு முறை கேட்டான். அப்போதும் "எஸ் சார், ஓகே சார்" என்றாய். அவன் வைத்துவிட்டான்.

"என்னட்டி சொல்லுதான்?" என்று நாலு பேர் கேட்டார்கள்.

"ஒரு பேப்பர் அனுப்புவாங்களாம். சித்தி கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம்."

"பாடி வந்துரும்லா?"

"ம்" என்றாய்.

கூட்டத்தில் இருந்த ஒருத்தி, "வக்கீல் கணக்கால்லா பேசுதா. எம்மவளும் படிச்சாளே, இப்ப வெறும் நைட்டி வியாபாரம் பாக்கா" என்றாள். துட்டி வீட்டில், அழுதுகொண்டிருந்த முத்துலட்சுமிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எனக்குப் பெருமையில் உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்த ஒரு கணத்தை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.

மறுநாள் நீ கல்லூரிக்குப் போயிருந்தாய். டெஸ்ட் என்றாய். முத்துலட்சுமி போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பேப்பர் வந்திருந்தது. அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். அச்சடித்து எடுத்தது நான். எழுத்துக் கூட்டி வாசித்ததும் நான். கணேசன் பெயர், பாஸ்போர்ட் எண், முத்துலட்சுமி பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. "எல்லாம் சரியா இருக்கு, போடு" என்றேன். அண்ணாச்சி வரட்டும் என்று ஒரு அரை மணி நேரம் இருந்திருக்கலாம். அறையில் இருந்த தம்பியிடமே தமிழில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோன்றவில்லை. இங்கிலீஷ் படிக்கிற பெண் வீட்டில் இருக்கும்போது வேறு ஆளிடம் கேட்பானேன் என்ற மிதப்பு. முத்துலட்சுமி தமிழில் தன் பெயரை எழுதினாள், அழுததில் கடைசி எழுத்து இழுத்துவிட்டது. நானே படமெடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் நீ வந்ததும் அதை என் போனில் காட்டினேன். "சரியாத்தான அனுப்பிருக்கேன், பாரு" என்றேன். நீ படித்தாய். கடைசி வரி வரை வந்துவிட்டு மறுபடியும் மேலே போய் முதலிலிருந்து படித்தாய். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாய். நான் அதைப் பார்த்தேன், மக்கா. எதையும் பார்க்காமல் விடுகிறவள் இல்லை நான். பிரியமானவர் போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த சில நாட்கள் எப்படிப் போயின என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பந்தல் பிரிக்கவில்லை. திருவனந்தபுரத்துக்கு வண்டி பேசினார்கள். ஐஸ் பெட்டிக்குச் சொல்லி வைத்தார்கள். கடையநல்லூரிலிருந்து கணேசனோடு வேலை பார்த்த ஒரு பாய் வந்து, விமான நிலையத்தில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று வரைந்தே காட்டிவிட்டுப் போனார். நீ சாப்பிடவில்லை. யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் வளவில் யாருமே சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் அந்தத் தம்பி கூப்பிட்டான். "எக்கா, அண்ணன இன்னைக்குக் காலையில இங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க. நீங்கதான சம்மதம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. ஆபீஸ்ல காட்டுனாங்க." முத்துலட்சுமி முதலில் நம்பவில்லை. "ஏலே, வேற ஆளாயிருக்கும், நல்லாக் கேளு" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டு, நம் வீட்டுப் பக்கம் திரும்பினாள். நான் வாசலில் நின்றிருந்தேன். நீ எனக்குப் பின்னால் நின்றிருந்தாய்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மண்ணை வாரித் தூற்றியிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன். ஐஸ் பெட்டிக்காரனுக்குப் போன் போட்டு, "வேண்டாம்ணே" என்று சொன்னாள். அவ்வளவுதான். உங்கப்பா அன்றைக்குத் தறிக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "நோன்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியாமலா மூணு வருசம் படிச்ச?" என்றார். அதை உன்னிடம் கேட்டாரா, என்னிடம் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. அடுத்த வாரம் நீ திருப்பூர் பஸ் ஏறிவிட்டாய். புத்தகங்களை அட்டைப் பெட்டியில் போட்டு, கயிறு கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாய்.

பரீட்சை உன்னை விட்டுவிட்டு நடந்து முடிந்தது. உங்கள் சார் கூப்பிட்டார். கடைசி செமஸ்டரை மட்டும் எழுதினால் போதும், அடுத்த முறை எழுதச் சொல்லுங்கள் என்றார். நடந்ததை அவரிடம் சொன்னேன். "நானும் இளையரசனேந்தல்ல இருந்து வந்தவன்தாம்மா. எனக்கே வெளிநாட்டு நம்பர்ல இருந்து யாராவது இங்கிலீஷ்ல பேசினா கை வேர்த்துரும். க்ளாஸ்ல நான் பேசுதது எல்லாம் முன்னமே தயார் பண்ணிட்டுப் போறது" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை முழுசாக விட்டுப்போயிற்று. நான் ஜன்னல் வழியே பார்த்த அந்த வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று நினைத்த ஆட்களும் வெளியேதான் நிற்கிறார்கள். இப்போதும் கடைக்குப் பெண்பிள்ளைகள் அதே கைடுப் பக்கங்களைக் கொண்டுவருகிறார்கள். அதே பதில்கள். எல்லாமே பதில்கள். ஒரு பிள்ளையாவது யாரிடமாவது ஏதாவது கேட்பதற்கு அதில் ஒரு வரி இருக்கிறதா என்று தாளை அடுக்கும்போது பார்க்கிறேன். இல்லை. அம்மாமார்கள் வெளியே நின்று, "எம்புள்ள இங்கிலீஷ் மேஜர்" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்கிறார்கள். அவர்களிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுப்பேன். என்னவென்று சொல்வது? படிக்க வைக்காதே என்றா? நான் எப்படிச் சொல்வேன் அதை.

தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே என்று உனக்கு நான் சின்ன வயதிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எல்லாம் தெரியும் என்று நீ இருப்பதுதான் எனக்குப் பிடித்தது. அந்தப் பேப்பரை நீ இரண்டாம் முறை படித்தபோது உனக்கு என்ன புரிந்தது என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். அதை நீ சொன்னாலும் யாருக்கும் எதுவும் திரும்பி வராது. பட்டம் வாங்கு, வந்து பரீட்சை எழுது என்றும் இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போவதில்லை. எழுதினால் உனக்கு ஒரு தாள் கிடைக்கும். அந்தத் தாளின் மேல் எனக்கிருந்த ஆசை போய்விட்டது.

எழுதியது வேறொன்றுக்காக. தபசுக்குக் கொடி ஏறிவிட்டது. கொடி ஏறிய மறுநாள், இத்தனை மாதம் என் முகத்தைப் பார்க்காத முத்துலட்சுமி கடைக்கு வந்தாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் போகிற வரை ஓரமாக நின்றாள்.

"எக்கா, அவ எப்ப வருவா?"

"யாரு?"

"ஒம்மவதான். அந்த ஆபீசுக்கு ஒரு போன் போடணும். அவுகள எந்த எடத்துல வச்சிருக்காங்கன்னு கேக்கணும். ஒரு போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லணும். கூட இருந்த தம்பி இப்ப வேற ஊருக்குப் போயிட்டானாம், ஆபீஸ்ல கேட்டாத்தான் தெரியும்ங்கான்."

கடை அண்ணாச்சிக்கு ஓரளவு இங்கிலீஷ் வரும், அவரைப் பேசச் சொல்லட்டுமா என்றேன். உங்கள் சாரைக் கேட்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "எம்புருசன் எங்கன கெடக்காருன்னு கேளுங்கன்னு ஊர்க்காரன்ட்ட போய் நிக்க எனக்கு வாய் வராது. அன்னைக்குப் பேசினவளே பேசட்டும்."

அது கோபமா, மன்னிப்பா, அவளுக்கு வேறு யாரும் இல்லை என்பதா, எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அன்றிலிருந்து மதியம் கூட்டம் குறைகிற நேரத்துக்கு வருகிறாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். "இன்னைக்குப் பேசினாளா?" என்று மட்டும் கேட்பாள். லைன் கிடைக்கவில்லை என்பேன், வேலை முடியவில்லை என்பேன். நான் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும். சரி என்று சொல்லிவிட்டுப் போவாள். எனக்கும் அந்தக் கேள்வியை இங்கிலீஷில் எழுதிப் பார்க்க ஆசை வந்தது. உன் பெட்டிக் கயிற்றை அவிழ்த்து அகராதியை எடுத்து, ஒரு வார்த்தைக்குப் பக்கத்தில் இன்னொரு வார்த்தையை வைத்துப் பார்த்தேன். சேரவில்லை. சேர்ந்தாலும், அந்தப் பக்கம் அவன் பதில் சொன்னால் எனக்கு என்ன விளங்கும்?

நீ பேசுவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, மக்கா. பேசினாலும் அவன் போட்டோ அனுப்புவான் என்றும் நம்பிக்கை இல்லை. அப்படி அனுப்பினாலும் ஒரு மணல்மேட்டைப் பார்த்து முத்துலட்சுமி என்ன செய்வாள்? அவளுடைய போன் நம்பர் மாறவில்லை. ஆபீஸ் நம்பரும் அதிலேயே இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நீ என்னைக் கூப்பிட வேண்டாம். அவளைக் கூப்பிடு, இல்லையென்றால் மாட்டேன் என்றாவது அவளிடமே ஒரு வார்த்தை சொல்லிவிடு. நாளைக்கு மதியமும் அவள் வந்து நிற்பாள்.